எண்ணிச் சொல்லாத மான்கள்

அன்று பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில், அந்தக் குளிர்க்கிடங்கில் இருந்தவர்கள் ஆறு பேர். அத்தான், மான்காரர், நான், முதலாளி, முதலாளி வில்லியே லே பெல் என்ற புறநகரில் இருந்து கூட்டிவந்த பெடியள் இருவர். அக்கா அங்கே இல்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் இறைச்சிக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, மான் இறைச்சி வந்துவிட்டதா என்று கேட்ட சனத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொலிஸ் இல்லை, பிறகும் வரவில்லை. எல்லாவற்றையும் தொடக்கிவைத்த மிருகமும் அங்கே இல்லை. அது ஐரோப்பாவின் உச்சியில், ஏதோ ஒரு பாறை இடுக்கில், பனிக்குள் புதைத்துவைத்த தலைகளுக்குப் பக்கத்தில் வயிறு நிறைந்து படுத்திருந்திருக்கும்.

அந்த மிருகத்துக்குத் தமிழில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. அத்தான் நோர்வேச் சொல்லில் யேர்வ் என்பார். கீரியை ஒரு பெரிய நாயின் அளவுக்கு வளர்த்துக் கரடியின் நகத்தைப் பூட்டிவிட்டால் எப்படியோ அப்படி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய மானின் முதுகில் ஏறிப் பிடரியைக் கடித்து முறிக்கும். தின்பதற்கு வேண்டியதைவிட அதிகமாகக் கொல்லும். மிச்சத்தைத் துண்டு துண்டாக்கிப் பனிக்குள் ஒளித்துவைக்கும். தலையைத்தான் முதலில் கழற்றிக்கொண்டு போகும்.

அத்தான் பாரிசுக்கு வருவதற்கு முன் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்து ஆட்கள் அந்தக் கரையில் நிறைய. ஒரு செப்டெம்பர் மாதம், வேலை இல்லாத நாளில், பக்கத்து மலையில் பனிமான்களை வளைத்துப் பட்டிக்குள் அடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். கிடாய்கள் இணைக்கு மோதும் பருவம் தொடங்கும் காலம். ஒரு கிடாய் பட்டியை உடைத்துக்கொண்டு வந்து அத்தானைக் கொம்பில் தூக்கியது. கொம்பின் ஒரு கிளை இடது தொடைக்குள் இறங்கி மறுபக்கத்தால் வந்தது. பட்டியின் சொந்தக்காரர் கிடாயின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி நிலத்தில் சாய்த்து, கொம்பின் கிளையைச் சிறுகோடாலியால் தறித்து அத்தானை விடுவித்தார். பிறகு தன் கைமுட்டியை அத்தானின் தொடைக் காயத்துக்குள் செலுத்தி இரத்தத்தை அடைத்தபடியே வைத்தியசாலை வரைக்கும் வந்தார். வண்டியை ஓட்டியது அவருடைய மகள்.

அவர்தான் நான் மான்காரர் என்று சொல்பவர். சாமி என்ற இனத்தவர். நோர்வேக்காரர் அங்கே போவதற்கு முன்பே அந்த வடக்கில் மானோடு மானாக அலைந்தவர்கள். அத்தானுக்கும் அவருக்கும் அந்தக் கொம்பால் ஏற்பட்ட உறவு, அத்தான் பாரிசுக்கு வந்த பிறகும் விடவில்லை.

நான் 2009 முடியும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். வன்னியில் இருந்து முகாம், முகாமில் இருந்து இங்கே. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அத்தான் அதை ஒரு நேர்த்திக்கடன் போல எடுத்துக்கொண்டு, கடையில் எலும்பு வெட்டும் வேலை தராமல் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். காலையில் வகுப்பு, பின்னேரம் கடை. வகுப்பு முடிந்து வந்து மேலங்கியைக் கழற்றி, ஏப்ரனைக் கட்டி, ஆட்டுத் தலையைக் கழுவுவேன். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன.

மான் இறைச்சியை விற்கலாம் என்ற யோசனை கடைக்கு வந்த வன்னிச் சனத்தால்தான் வந்தது. வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். "தம்பி, மான் எடுக்கேலாதோ? மரை எண்டாலும் பரவாயில்லை." அத்தான் மான்காரருக்கு ரெலிபோன் எடுத்தார். முதல் தடவை ஒரு சின்ன வான் வண்டியில், கொல்களத்து முத்திரை குத்திய இறைச்சியோடு அவரே வந்தார். கட்டையான, அகன்ற மனிதர். கை விரல்கள் எல்லாம் கயிறு இழுத்த தழும்பு. இடுப்பில் கொம்புப் பிடி போட்ட கத்தி. லா சப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கமாக நடக்கும்போது சனம் அந்தக் கத்தியைப் பார்த்து விலகியது. கடைசியில் அத்தான் அதைப் பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடையில் அவர் இறைச்சி வெட்டிய விதத்தை லா சப்பல் சனம் கூடிநின்று பார்த்தது. எலும்பு அறுக்கும் வாளே இல்லை. மூட்டு எங்கே என்று பெருவிரலால் தடவி, கத்தி நுனியை விட்டு, ஒரு திருப்பு. கால் தனியே வந்துவிடும்.

"உயிரோடை எண்டா எப்பிடிக் கொல்லுறவர்?" என்று ஒருவர் கேட்டார்.

அத்தான் கேட்டுச் சொன்னார். கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பி விழுத்துவது. பிடரியில், மண்டையோடு கழுத்தெலும்பு சேரும் பள்ளத்தில் ஒரு குத்து. பிறகு நெஞ்சில் ஒரு குத்து. இரத்தம் வெளியே போகாது. நெஞ்சுக் கூட்டுக்குள் தேங்கும். அதை அகப்பையால் அள்ளி எடுப்பார்கள்.

"இரத்த வறை வைப்பினமோ?"

"அப்பம் மாதிரிச் சுடுவினம்."

"அப்ப எங்கடை ஆக்கள்தான்" என்று கேட்டவர் தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தான் அன்று எல்லாரிடமும் ஒரு விடயத்தை மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

"இவரிட்டை என்னெண்டாலும் கேளுங்கோ. எத்தினை மான் வைச்சிருக்கிறியள் எண்டு மட்டும் கேக்கக்கூடாது."

"ஏன், எண்ணத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா கேக்கக்கூடாது. உன்ரை பாங்கிலை எவ்வளவு கிடக்கு எண்டு நான் சனத்துக்கு முன்னாலை கேட்டா எப்பிடியிருக்கும்?"

"அதை இஞ்சை எல்லாரும் கேக்கிறவை தானே, அண்ணை."

மறுபடி சிரிப்பு. அது பகிடிதான், ஆனாலும் உண்மை. நம்மவர்களிடம் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று கேட்பது அக்கறை. கேட்காமல் விட்டால்தான் குறை.

எனக்கு அந்த வழக்கம் வேறு விதமாகப் பட்டது. முகாமில் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். கணக்குப் பிழைத்தால் முதலில் இருந்து. வெயிலில் விழுந்தவர்களையும் தூக்கி நிறுத்தி, தலையைத் தொட்டு எண்ணினார்கள். எண்ணுகிறவன் நல்லதற்கு எண்ணுவதில்லை என்று எனக்கு அப்போது பதிந்துபோனது. மான்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவர் தனக்குத் தெரிந்த அளவு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். செத்ததை எண்ணிச் சொல்லலாம். உயிரோடு இருப்பதை வாயால் சொன்னால் அது குறையத் தொடங்கும். இப்போது அரசாங்கம் எண்ணுகிறது. எண்ணிய உடனேயே குறைக்கச் சொல்லிவிட்டது.

குறைக்கச் சொன்னது உண்மை. மேய்ச்சல் நிலம் தாங்காது, மந்தையைச் சிறிதாக்கு என்று அவருக்கு உத்தரவு. குறித்த காலத்துக்குள் குறைக்காவிட்டால் அபராதம். அந்தப் பகுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் அறுத்ததால் அங்கே இறைச்சிக்கு விலை இல்லை. கிடாய்களைப் பாரிசில் நல்ல விலைக்கு விற்றால் அபராதத்தையும் பனிவண்டிக் கடனையும் கட்டிவிட்டு, பெண்மான்களைத் தொடாமல் விடலாம். விற்க முடியாவிட்டால் பெண்மான்களும் போகும். பெண்மான் போனால் மந்தை இல்லை. அவருடைய மகளுக்குப் பிறந்தபோதே ஒரு காது அடையாளம் கொடுத்திருந்தார்கள். கன்றின் காதில் கத்தியால் வெட்டும் ஒரு வடிவம், அவளுக்கு மட்டும் உரியது. அந்தப் பெண்மான்களில் பாதி அவளுடைய அடையாளம் போட்டவை.

யேர்வைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருமுறை படம் காட்டியிருந்தார்கள். அருகிவரும் மிருகம், சட்டத்தால் காக்கப்படுவது. அழகான குட்டிகள். அதை நான் மான்காரரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"குட்டி அழகுதான்" என்றார். "அதுவும் தின்னத்தான் வேண்டும். என் அப்பா காலத்தில் அது எங்களுடையதைக் கொல்லும், நாங்கள் அதைக் கொல்வோம். இரண்டு பக்கமும் பயம் இருந்தது. இப்போது எனக்கு மட்டும்தான் பயம்."

முதலாளி இந்தக் கதைக்குள் வந்தது இரண்டாவது வருடம். ஒபர்வில்லியேயில் குளிர்க்கிடங்கு வைத்து, பாதி லா சப்பலுக்கு மீனும் இறைச்சியும் கொடுத்தவர். எங்கள் கடை வாடகைக்குப் பிணையாகப் பொறுப்பு நின்றவரும் அவர்தான். நாங்கள் இருந்த வீடும் அவர் எடுத்துத் தந்தது. எல்லாரும் முதலாளி அண்ணை என்பார்கள். சின்ன வானில் வந்த இறைச்சி ஒரு நாளில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, பெரிய லொறியில் எடுப்போம், முழுவதையும் நான் வாங்குகிறேன் என்றார். கடையின் பின்னறையில் தேநீரோடு பேச்சு நடந்தது. மான்காரரும் வந்திருந்தார்.

"எத்தினை உருப்படி எண்டு சொல்லச் சொல்லும்" என்றார் முதலாளி.

அத்தான் நோர்வே மொழியில் நீளமாக ஏதோ கேட்டார். மான்காரர் தேநீரைப் பார்த்தபடி சுருக்கமாக ஏதோ சொன்னார். அத்தான் ஒரு கணம் நிறுத்திவிட்டு, முதலாளியிடம் ஒரு எண்ணைச் சொன்னார். முதலாளி கை கொடுத்தார். லொறிக் கூலிக்கு முற்பணமும் அங்கேயே கொடுத்தார்.

மெத்ரோவில் நின்றுகொண்டு போகும்போது அத்தான் என்னிடம் சொன்னார்.

"அவர் எண் சொல்லேல்லை. லொறி நிறையும் எண்டுதான் சொன்னவர். எண் இல்லாமல் எங்கடை ஆள் கை குடுக்காது. அதாலை நான் லொறியின்ரை அளவைப் பாத்து ஒண்டைச் சொன்னன்."

"பிழைச்சா, அத்தான்?"

"என்னண்டு பிழைக்கும்? மான் கிடக்கு, லொறி கிடக்கு."

பனி கொட்டத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் கடைக்கு ரெலிபோன் வந்தது. அத்தான் ஒரு கையில் ஆட்டுத் தொடையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தொடையை மெதுவாகக் கட்டையில் வைத்தார். பிறகு எங்களிடம் சொன்னார். சில நாட்களாக மூடுபனி, ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விலகிய பிறகு பார்த்தால் மந்தை சிதறிப்போயிருந்தது. பனி முழுக்கச் சிவப்பு. யேர்வ் ஒன்றா இரண்டா தெரியாது. முதுகு கிழிந்து, குடல் இழுபட, உயிர் போகாமல் நின்ற மான்களை மான்காரரும் மகளும் தேடித் தேடிப் பிடரியில் குத்தி முடித்தார்களாம். கொல்களத்துக்கு என்று பிரித்துவைத்த கிடாய்களில்தான் இழப்பு அதிகம்.

"முதலாளிக்குச் சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

"லொறி வரட்டும். இறைச்சியைக் கண்ணாலை கண்டா ஆறுவார்" என்றார் அத்தான்.

அவர் ஆறவில்லை.

குளிர்க்கிடங்கில் மான்கள் தோலுரிக்கப்பட்டுக் கொளுக்கிகளில் தலைகீழாகத் தொங்கின. குளிரில் எங்கள் வாயால் புகை வந்தது. முதலாளி கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு தொடையையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். கடைசிக் கொளுக்கியில் நின்று திரும்பினார்.

"மிச்சம் எங்கை?"

அத்தான் சொன்னார். மூடுபனி, யேர்வ், எல்லாம். முதலாளி மான்காரரைப் பார்க்காமல் பெடியளைப் பார்த்துச் சிரித்தார். ஒருவன் கதவில் சாய்ந்து நின்றான். மற்றவன் வெட்டுமேசையில் கிடந்த எலும்புக் கத்தியை எடுத்து அதன் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் இங்கே பிறந்தவர்கள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவர்கள்.

மான்காரருக்கு மொழி தேவைப்படவில்லை. தன் பையில் இருந்து சுருட்டிய தோல் ஒன்றை எடுத்து மேசையில் உட்பக்கம் மேலே இருக்கும்படி விரித்தார். ஒரு மானின் கழுத்துத் தோல். நான்கு ஓட்டைகள். அவற்றைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தது. அவர் பேசினார், அத்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் தோலுக்குக் கீழே இப்படி இரத்தம் கட்டும். செத்த பிறகு கடித்தால் கட்டாது. அரசாங்கத்து ஆள் வந்து ஒவ்வொரு கழுத்தையும் உரித்து இதைத்தான் பார்ப்பார். இரத்தம் கட்டியிருந்தால் நட்டஈடு. இல்லையென்றால் இல்லை. கண்டெடுத்தது பத்தொன்பது. மற்றவை பனிக்குள், அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது.

"கிழிச்சதுகளையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே" என்றார் முதலாளி. "கறிக்குள்ளை போட்டா ஆருக்குத் தெரியும்?"

மான்காரர் தலையை ஆட்டினார். "அது அதின்ரை பங்காம், அண்ணை" என்றார் அத்தான். "அதிலை கை வைக்கமாட்டினமாம்."

"துவக்கு இல்லையோ இவரிட்டை?"

"இருக்கு. அதைச் சுட்டா மறியலுக்குள்ளை போடுவாங்கள். துவக்கையும் பறிச்சுப்போடுவாங்கள்."

"அப்ப மிருகத்துக்கு அரசாங்கம். இவருக்கு நானோ?"

கதவில் நின்றவன் சிரித்தான். முதலாளி மான்காரருக்கு நேரே போய் நின்றார். தமிழை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் கேட்டார். உன்னிடம் மொத்தம் எத்தனை இருக்கிறது? மான்காரர் மேசையில் கிடந்த தோலைப் பார்த்தார். முதலாளி பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு முன்னால் மூடித் திறந்து, மூடித் திறந்து, இன்னொரு முறை கேட்டார். மான்காரரின் காது மடல் சிவந்தது. தோலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"பாத்தியே" என்றார் முதலாளி என்னிடம். "செத்ததை டக்கெண்டு சொல்லுறார். உயிரோடை கிடக்கிறதைச் சொல்லமாட்டாராம். படிச்சனி தானே, நீ சொல்லு. இதுக்கு என்ன பேர்? அங்கை மலையிலை மிச்சத்தை ஒளிச்சு வைச்சிட்டு இஞ்சை வந்து தோல் காட்டுறான்."

"அவர் கள்ளம் செய்யிற ஆள் இல்லை" என்றேன். "அவையின்ரை வழக்கம் அது."

"எனக்கு எண் சொல்லேக்கை அந்த வழக்கம் எங்கை போனது?"

அத்தான் நடுவே வந்தார். "அண்ணை, அவர் உங்களுக்கு எண் சொல்லேல்லை."

"அப்ப அண்டைக்குக் கேட்டது ஆற்றை எண்?"

"என்ரை எண். நான்தான் சொன்னனான்."

முதலாளி அடித்த அறையில் அத்தானின் தொப்பி பறந்து மான்களுக்கு இடையில் விழுந்தது. அத்தான் கையை ஓங்கவில்லை. வாயோரத்தில் இரத்தம் வந்தது. இரண்டாவது அறைக்கு முதலாளி கையைத் தூக்கியபோது மான்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவுதான், பிடித்தார். கதவில் நின்றவன் பிரெஞ்சில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்து அவருடைய விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஈர விறகு முறிவது போன்ற சத்தம்.

நான் அவனைப் பிடிக்கப் போனேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தான். கண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து, தொங்கிய மான்கள் எல்லாம் ஆடின. நான் ஒரு மானின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னோடு சேர்ந்து சுழன்றது. கண் தெளிந்தபோது மான்காரர் அந்தப் பெடியனின் தலையை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார். காதும் தாடையும் அவருடைய கைகளுக்குள். அவன் உயரமானவன், அவரைவிடப் பாதி வயது. அவர் ஒரு திருகுத் திருகினார். அவன் கால்கள் தரையை விட்டுப்போய், சீமெந்தில் குப்புற விழுந்தான். அவர் முழங்கால் அவன் முதுகில். இடது கை அவன் முடியை அழுத்தியிருந்தது. வலது கையில் அந்தக் கொம்புப் பிடிக் கத்தி. அதன் நுனி அவன் பிடரியில், மண்டையும் கழுத்தும் சேரும் பள்ளத்தைத் தேடாமலே கண்டுபிடித்துப் போய் நின்றது.

கடையில் சனம் கூடிநின்று கேட்டுச் சிரித்த விதம் அது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கத்தி நுனியில் ஒரு துளி இரத்தம் வந்து அவன் சட்டைக் கொலருக்குள் இறங்கியது. அவன் பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழில் "அம்மா" என்றான்.

அத்தான் நோர்வே மொழியில் கெஞ்சிக்கொண்டே பாய்ந்து, கத்திக்கும் பிடரிக்கும் நடுவே தன் இடது கையைச் செருகினார். மான்காரர் கத்தியை அப்படியே நிறுத்தினார். அது அத்தானைக் கீறவும் இல்லை. ஆனால் மேசையருகே நின்ற மற்றவன் எலும்புக் கத்தியை ஓங்கியிருந்தான். மான்காரரின் கையைக் குறிவைத்துத்தான் போட்டான் என்று பிறகு சொன்னார்கள். அது அத்தானின் கையில் விழுந்தது. சின்ன விரலும் மோதிர விரலும் பெடியனின் தலைமுடிக்குள் கிடந்தன.

அத்தான் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. பிறகு இரத்தம் பீறிட்டது. மான்காரர் கத்தியைத் தூர வீசிவிட்டு அந்தக் கையைத் தன் கைப்பிடிக்குள் வைத்து இறுக்கினார். இடுப்புப் பட்டியைப் பல்லால் இழுத்து அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றினார். அவருடைய மூச்சு ஒவ்வொன்றும் விலாவில் குத்தியிருக்க வேண்டும். முகம் சாம்பலாக இருந்தது. தொடையில் கொம்பு இறங்கிய நாளிலும் இப்படித்தான் பிடித்திருந்தார் என்று அத்தான் பிறகு சொன்னார்.

முதலாளி சுவரோடு நின்றார். "நான் வெட்டச் சொல்லேல்லை" என்றார். "ஆராவது கேட்டா நான் வெட்டச் சொல்லேல்லை."

வைத்தியசாலையில் அத்தான், எலும்பு வெட்டும்போது கை தவறியது என்றார். மான்காரர், லொறியில் இருந்து விழுந்தேன் என்றார். நான் என் மூக்குக்குக் காரணமே சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. பொலிசுக்குப் போவதென்றால் போயிருக்கலாம். என் பப்பியே, இங்கே தங்குவதற்கான பத்திரம், அப்போது இன்னும் முடிவாகவில்லை. வீடு முதலாளியின் பெயரில். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். விரல்களை ஐஸ் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தானின் கையைத் துப்புரவு செய்த வைத்தியர் காயத்தைச் சுற்றிக் கன்றிப்போன தோலை விரலால் அழுத்திப் பார்த்தார். தோலுக்குக் கீழே கருஞ்சிவப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறைச்சியை முதலாளி முற்பணத்துக்கு ஈடென்று எடுத்துக்கொண்டார். அந்த வாரம் லா சப்பலின் மூன்று உணவுக்கடைகளில் மான் கறி இருந்தது. சனம் வரிசையில் நின்று சாப்பிட்டது. எங்கள் கடையைக் கடந்து போனவர்கள் அக்காவிடம் கேட்டார்கள்: "பிள்ளை, அங்கை நல்ல மான் கறி. நீங்கள் ஏன் எடுக்கேல்லை?"

மான்காரர் இரண்டு நாள் எங்கள் வீட்டு நிலத்தில் படுத்திருந்தார். விலாவுக்குத் துணி சுற்றியிருந்தோம். முதல் நாள் அத்தான் அவரிடம் நீண்ட நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அந்த எண்ணைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்தது. மான்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"என்ன சொன்னவர், அத்தான்?"

"அரசாங்கமும் இப்பிடித்தானாம். தாங்களே ஒரு எண்ணைச் சொல்லிப்போட்டு அவரைப் பிழை பிடிக்கிறதாம்."

"கோபமோ?"

"கோபமெண்டா பரவாயில்லை" என்றார் அத்தான்.

பிறகு அவர் வெறும் லொறியோடு வடக்கே போனார். கத்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அத்தான் அதை ஒருநாளும் கடைக்கு எடுத்துப் போகவில்லை. கடையும் அதிக நாள் இருக்கவில்லை. மூன்று விரலால் ஆட்டைப் பிடித்து வெட்ட அத்தான் பழகிக்கொண்டிருந்தபோதே முதலாளி பொறுப்பு நிற்பதை விலக்கிக்கொண்டார். நான் ஒரு வருடம் படிப்பை நிறுத்தி உணவகத்தில் கோப்பை கழுவினேன்; பிறகு மறுபடி சேர்ந்து முடித்தேன். அந்தப் பெடியன், பிடரியில் கத்தி நின்றவன், ஒருமுறை என்னை மெத்ரோ வாசலில் கண்டான். நின்றான். "அண்ணைக்குக் கை எப்பிடி?" என்று தமிழில் கேட்டான். இருக்கிறது என்றேன். அவன் கழுத்தை மூடித் துணி கட்டியிருந்தான், வெயில் காலம்.

இதற்கெல்லாம் முன், அந்தக் குளிர் முடிந்த வசந்தத்திலேயே ரெலிபோன் வந்தது. அத்தான் இடது கையால் அதைப் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். மான்காரரின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. அத்தான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னார். அபராதம் வந்துவிட்டது. பனிவண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். வண்டி இல்லாமல் மந்தையைக் காக்க முடியாது, யேர்வ் திரும்ப வந்தது. ஆகவே பெண்மான்களையும் கொல்களத்துக்குக் கொடுத்தாயிற்று. வயிற்றில் கன்றோடு நின்றவை. மகள் தன் அடையாளம் போட்டவற்றைத் தானே பிடித்துக் கொடுத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஒருவரும் கேட்காமலே அவர் எண்ணைச் சொன்னார். அது ஒரு எண் என்று நோர்வே மொழி தெரியாத எனக்கும் விளங்கியது, ஏனென்றால் அத்தான் அதை மட்டும் உடனே தமிழில் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "என்னவாம்?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

செத்ததைச் சொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம். அதனால் நானும் எழுதுகிறேன். கடை எடுக்கும்போது கட்டித் திரும்பி வராத வைப்புப்பணம், லொறி வெறுமனே திரும்பிப் போன கூலி, கை ஆறும்வரை அத்தான் வேலை செய்யாத மாதங்கள், வீடு மாறிய செலவு, வடக்கே கட்டிய அபராதம் எல்லாவற்றையும் அக்கா சேர்த்துக் கூட்டினார். பதினெட்டாயிரத்து அறுநூறு யூரோ, அத்தானின் இரண்டு விரல்கள், அறுபத்திரண்டு பெண்மான்கள்.